பாரிஸ் தெருக்களில் பாடிய சிட்டுக்குருவி

புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் வாழ்க்கையைத் திரைப்படமாக்க முனைவோரை இரண்டு சோதனைகள் எதிர்கொள்கின்றன. குறைகளையெல்லாம் மூடி மறைத்து, அவரை மாலையிட்ட சிலையாக மக்கள்முன் நிறுத்துவது ஒன்று. அவருடைய வீழ்ச்சிகளை மட்டும் தோண்டியெடுத்து, பிறர் அழுக்கைக் காணத் துடிக்கும் ஆவலுக்குத் தீனியிட்டுப் பணம் சேர்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பெரும்பாலும் வென்று நிற்கும் படங்கள் மிகச் சிலவே. பிரெஞ்சு நாட்டுப் பாடகி எடித் பியாஃபின் வாழ்க்கையை வைத்து இயக்குநர் ஒலிவியே தாஆன் உருவாக்கி, 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ‘லா மோம்’ என்னும் படம் அவற்றுள் ஒன்றாகும். பிற நாடுகளில் அது அவருடைய புகழ்பெற்ற பாடலின் பெயரால் ‘லா வீ ஆன் ரோஸ்’ என்று வழங்கப்படுகிறது.

மதுவும் போதை மருந்தும் மணமுறிவும் நிறைந்த ஒரு வாழ்க்கைக்கு நம் குடும்ப ஏட்டில் இடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. சிறுமலர் தெரேசம்மாளிடம் நீட்டப்பட்ட ஒரு குழந்தையின் கைகளில் தொடங்கி, மறுக்கப்பட்ட ஒரு திருப்பலியில் முடிந்து, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொடுக்கப்பட்ட வேறொரு திருப்பலியில் மீண்டும் உயிர் பெறும் கதை இது. பிறருடைய ஆன்மக் கணக்கை எழுத நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வியை இது நம்முன் வைக்கிறது.

தெருவில் மலர்ந்த குரல்

எடித் ஜொவான்னா காசியோன் என்பது அவருடைய இயற்பெயர். 1915 டிசம்பர் 19-ஆம் நாள் பாரிஸ் நகரின் பெல்வில் பகுதியில் பிறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஆங்கிலேயச் செவிலி எடித் கவெல் அம்மையாரின் நினைவாக அவருக்கு அப்பெயர் இடப்பட்டது. பெல்வில் தெருவில் 72-ஆம் எண் வீட்டின் வாசற்படியில் அவர் பிறந்ததாக அவ்வீட்டுச் சுவரில் பதித்த பலகை கூறுகிறது. பிறப்புச் சான்றிதழோ அருகிலுள்ள தெனோன் மருத்துவமனையைக் குறிக்கிறது. கட்டுக்கதையும் உண்மையும் அவர் வாழ்வில் பிறந்த நாளிலேயே கைகோத்துக் கொண்டன.

தாய் தெருப் பாடகி. குழந்தையைத் தன் தாயிடம் விட்டுச் சென்றவர். தந்தை லூயி காசியோன் தெருவில் கழைக்கூத்தாடிப் பிழைத்தவர். முதல் உலகப் போரின் முனையிலிருந்து விடுப்பில் வந்த அவர், கவனிப்பாரற்றுக் கிடந்த மகளை எடுத்துச் சென்று நார்மண்டிப் பகுதியின் பெர்னே ஊரிலிருந்த தம் தாயிடம் ஒப்படைத்தார். அந்தப் பாட்டியின் வீடு ஒரு விலைமாதர் இல்லம். உலகம் ஒதுக்கிய பெண்களே அங்கே அக்குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், தாலாட்டினார்கள்.

பின்னர்த் தந்தை வந்து மகளைத் தம்முடன் ஊர் ஊராக அழைத்துச் சென்றார். ஒருநாள் கூட்டத்தினர் இக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாதா என்று கேட்க, அவள் தயங்கித் தயங்கி நாட்டுப் பண்ணைப் பாடுவதாகப் படம் காட்டுகிறது. உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட எட்டாத அப்பெண், வளர்ந்தபின் தெருமுனைகளில் தானே பாடிப் பிழைத்தாள். பதினேழு வயதில் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள். மர்செல் என்ற அக்குழந்தை 1935-இல், இரண்டு வயதில், மூளைக்காய்ச்சலால் இறந்தது.

அதே ஆண்டில் லூயி லெப்லே என்ற கேளிக்கை விடுதி உரிமையாளர் தெருவில் அவள் குரலைக் கேட்டு மேடைக்கு அழைத்தார். ‘பியாஃப்’ என்றால் பாரிஸ் மக்களின் பேச்சுவழக்கில் சிட்டுக்குருவி. ‘லா மோம் பியாஃப்’, அதாவது சின்னஞ்சிறு குருவிப் பெண் என்று பெயரிட்டு, எளிய கறுப்பு உடையில் அவளை மேடையேற்றியவர் அவரே. மறு ஆண்டே அவர் கொலையுண்டார். இளம் பாடகி காவல்துறையின் விசாரணைக்கு உள்ளானார். குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். எனினும் செய்தித்தாள்கள் அவர் பெயரைச் சேற்றில் புரட்டிவிட்டன. பாடலாசிரியர் ரேமோன் ஆசோ அவரைக் கடுமையாகப் பயிற்றுவித்து மீண்டும் மேடைக்குக் கொணர்ந்தார். அதன்பின் பிரெஞ்சு நாடு முழுவதும், கடல் கடந்து அமெரிக்காவும் அவருக்குச் செவிசாய்த்தன.

கண் திறந்த சிறுமி

இப்படத்தில் கத்தோலிக்க வாசகர் உள்ளத்தைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. பெர்னேயில் வாழ்ந்த நாட்களில் சிறுமியின் கருவிழிகள் அழற்சியுற்றுப் பார்வை மங்கியது. கண்களைத் துணியால் கட்டிய நிலையில் நெடுங்காலம் இருளில் வாழ்ந்தாள். பாட்டியின் இல்லத்துப் பெண்கள் அவளை அழைத்துக்கொண்டு, அதிகத் தொலைவில் இல்லாத லிசியே நகருக்குத் திருப்பயணம் சென்று, தெரேசம்மாளிடம் மன்றாடினார்கள் என்பதும், சில நாட்களில் பார்வை திரும்பியது என்பதும் பியாஃப் தம் வாழ்நாள் முழுவதும் நம்பிய செய்தி. மருத்துவத்தால் குணமடையக்கூடிய நோய் அது என்று கூறுவோரும் உண்டு. திருச்சபை இதைப் புதுமையென விசாரித்து அறிவித்ததில்லை. ஆகவே நாமும் அவ்வாறு அறிவிக்கத் துணிய வேண்டாம். ஆனால் அந்தக் குழந்தையின் நன்றியுணர்வு உண்மையானது. தெரேசம்மாளின் பதக்கமும் படமும் அவரை விட்டு நீங்கவே இல்லை.

அந்நாளில் தெரேசம்மாளுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1897-இல் தம் இருபத்து நான்காம் வயதில் மறைந்த அக்கார்மேல் கன்னிக்கு, 11-ஆம் பத்திநாதர் 1925-இல்தான் அப்பட்டத்தை வழங்கினார். அதற்கு முன்னரே ஏழைகளும் பாவிகள் என ஒதுக்கப்பட்டவர்களும் அவருடைய கல்லறையை நாடி நடந்தார்கள். கோவிலில் முன்வரிசையில் அமர இயலாத பெண்கள் மண்டியிட்டு, ஈன்றெடுக்காத பிள்ளைக்காகக் கண்ணீர் வடிக்கும் காட்சியை இயக்குநர் கேலியின்றி, மரியாதையோடு படமாக்கியிருக்கிறார். இன்னொரு காட்சியில், வாயினின்று தீ உமிழும் வித்தைக்காரனின் சுடரிலே சிறுமி தெரேசம்மாளைக் காண்கிறாள். ‘என்றும் உன்னோடு இருப்பேன்’ என்ற உறுதியைப் பெறுகிறாள். இது கலைஞரின் கற்பனை. ஆயினும் பியாஃப் கொண்டிருந்த பற்றுறுதிக்கு அதுவே தக்க உருவம் எனலாம்.

நடிப்பும் அமைப்பும்

பியாஃபாக நடித்தவர் மரியோன் கோத்தியார். படமெடுத்த காலத்தில் அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. இருபது வயதுத் தெருப் பாடகியாகவும், நாற்பத்தேழு வயதிலேயே மூதாட்டி போல் கூனிக் குறுகிய நோயாளியாகவும் ஒருவரே தோன்றுகிறார். புருவங்களையும் முன்னெற்றி முடியையும் மழித்துக்கொண்டு, நாள்தோறும் பல மணி நேரம் ஒப்பனைக்கு அமர்ந்தார். பியாஃபின் பழைய ஒலிப்பதிவுகளோடு, ஜில் எக்ரோ என்ற பாடகியின் குரலும் படத்தில் பயன்பட்டது. கோத்தியார் 2008-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். பிரெஞ்சு மொழியில் நடித்த ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. ஒப்பனைக்கும் ஆஸ்கார் விருது கிடைத்தது.

கதையை முதலிலிருந்து இறுதிவரை வரிசையாகச் சொல்லும் வழக்கத்தை இயக்குநர் கைவிட்டார். 1959-இல் நியூயார்க் மேடையில் பாடகி நிலைகுலைந்து விழும் காட்சியோடு படம் தொடங்குகிறது. பிறகு குழந்தைப் பருவம், புகழின் உச்சி, மரணப் படுக்கை என முன்னும் பின்னுமாக அலைகிறது. முதலில் இது சற்றுக் குழப்பத்தைத் தரலாம். ஆனால் நோயாளி ஒருவர் இறுதி நாட்களில் தம் வாழ்வை நினைவுகூர்வது வரிசையாகவா நடக்கிறது? ஒரு நினைவு வேறொன்றை இழுத்துவருகிறது. நெஞ்சின் அடியில் புதைத்தது கடைசியில் மேலெழுகிறது.

மற்போர் போன்றதன்று, குத்துச் சண்டையிலே உலகப் பட்டம் வென்றவர் மர்செல் செர்தான். அவரே பியாஃபின் பெருங்காதலுக்கு உரியவர். 1949 அக்டோபர் 28-ஆம் நாள், அவரைக் காண நியூயார்க் நோக்கி வந்த செர்தானின் விமானம் அசோர்ஸ் தீவுகளில் விழுந்து நொறுங்கியது. விமானத்திலிருந்த 48 பேரும் மாண்டனர். செய்தி கேட்ட பியாஃப் அறைக்கு அறை ஓடிக் கதறும் காட்சியைக் கண்டோர் எளிதில் மறவார். அன்றிரவும் அவர் மேடையேறிப் பாடினார். செர்தான் மனைவியும் மூன்று மைந்தரும் உடையவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அந்த இல்லத்தின் துயரத்துக்குத் திரையில் இடம் கிடைக்கவில்லை. காதலின் துயரைப் பெரிதாகக் காட்டும் கலை, அக்காதலால் வேறொரு வீட்டில் வடிந்த கண்ணீரையும் ஒரு கணமேனும் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

படம் விட்டுவிட்டவை இன்னும் சில. இரண்டாம் உலகப் போர்க் காலம் ஏறக்குறைய முழுவதும் காணப்படவில்லை. ஜெர்மானியர் கைப்பற்றிய பாரிஸில் அவர் பாடினார். ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுப் போர்வீரர்களின் முகாம்களிலும் பாடினார். யூத இசையமைப்பாளர் நோர்பர்ட் கிளான்ஸ்பெர்க் மறைந்து வாழ உதவினார். இவ் மோந்தான், சார்ல் அஸ்னவூர் முதலிய இளம் பாடகர்களைக் கைதூக்கி விட்டவரும் அவரே. இவற்றையும் சேர்த்திருந்தால், துன்பத்தில் மூழ்கிய பெண்ணோடு பிறர் துன்பத்தில் துணைநின்ற பெண்ணையும் கண்டிருப்போம்.

வருந்தவில்லை என்ற பாட்டு

1951 முதல் அடுத்தடுத்து நேர்ந்த கார் விபத்துகளின் வலியைத் தணிக்கக் கொடுத்த மார்ஃபின் மருந்து அவரை அடிமையாக்கியது. மதுவும் துணை சேர்ந்தது. 1952-இல் பாடகர் ஜாக் பீல்ஸை நியூயார்க்கில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் மணந்தார். 1957-இல் அம்மணம் முறிந்தது. 1962-இல் தம்மினும் இருபது ஆண்டு இளையவரான தேயோ சராப்போவைக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் மணந்தார். இதற்கிடையே 1960-ஆம் ஆண்டின் இறுதியில், நடக்கவும் இயலாத நிலையில், பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் அவர் பாடிய ஒரு பாட்டு உலகப் புகழ் பெற்றது. எதற்காகவும் நான் வருந்தவில்லை என்பது அதன் தலைப்பின் பொருள். இப்பாட்டுடனேயே படமும் முடிகிறது.

கத்தோலிக்கர் செவிக்கு இச்சொல் உறுத்தலாக இருக்கலாம். நாம் மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யப் பழகியவர்கள். வருத்தமே இல்லாத இடத்தில் மன்னிப்பு எங்ஙனம் நுழையும்? வருந்த மறுப்பதைப் பெருமையாகப் பாடும் பாட்டை எப்படி ஏற்பது?

இயக்குநர் இப்பாட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். மேடைக்குச் செல்லுமுன் பாடகி தம் சிலுவையைக் கேட்கிறார். அதைக் கழுத்தில் அணியாமல் மேடையேற மறுக்கிறார். பணியாளர் ஓடி அதனைக் கொணர்கின்றனர். சிலுவையை அணிந்தபின்பே தள்ளாடியபடி வெளிச்சத்துக்குச் செல்கிறார். அதுவரை படம் வெளியிடாதிருந்த ஒரு செய்தியும், இறந்துபோன சிறு குழந்தை மர்செலின் நினைவும், மரணப் படுக்கைக் காட்சியில்தான் மேலெழுகிறது. வாயால் வருந்தவில்லை என்று பாடியவரின் நெஞ்சில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆறாத புண் இருந்தது! அப்படியாயின் அப்பாட்டு, பாவத்தை நியாயப்படுத்தும் இறுமாப்பா? அல்லது, பழையதைச் சுமந்து நடக்க இனி வலுவில்லாத ஒருத்தி, புதிதாய்த் தொடங்க விடுங்கள் என்று கேட்கும் மன்றாட்டா? படம் இரண்டாவதையே குறிப்பாக உணர்த்துகிறது. எது உண்மை என்பதை உள்ளங்களை ஊடுருவி அறிகிறவர் ஒருவரே அறிவார்.

மறுக்கப்பட்ட திருப்பலி

1963 அக்டோபர் 10-ஆம் நாள் தென் பிரான்சில், கிராஸ் நகருக்கு அருகே, கல்லீரல் நோயால் பியாஃப் உயிர் நீத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இரண்டாம் அமர்வு உரோமையில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உடலை இரகசியமாகப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, மறுநாள் அங்கேயே இறந்ததாக அறிவித்தனர். பாரிஸ் பேராயர் கர்தினால் மோரிஸ் ஃபெல்தேன் அடக்கத் திருப்பலிக்கு அனுமதி மறுத்தார். மணமுறிவுக்குப்பின் திருச்சபைக்கு வெளியே மறுமணம் செய்தவர் என்பது காரணம். ஆயினும் பல்லாயிரக்கணக்கான மக்கள் தெருவெங்கும் திரண்டு, பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் வரை அவரை வழியனுப்பினர்.

கர்தினாலைக் குறை கூறுவது எளிது. திருமணத்தின் முறியா உறவைக் காக்க வேண்டிய மேய்ப்பர் அவர். ஊரறிந்த வாழ்க்கைக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால் எளியோர் விசுவாசம் தளரும் என அஞ்சியிருக்கக்கூடும். அவ்வச்சம் அற்பமானதன்று. எனினும் திருச்சபைச் சட்டமே ஒரு வாயிலைத் திறந்துவைத்துள்ளது. இறக்குமுன் மனம் வருந்திய அடையாளம் ஏதேனும் காட்டியவர்க்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்படலாகாது என்பது பழைய சட்டத் தொகுப்பிலும் உண்டு. 1983-இல் வெளியான புதிய தொகுப்பிலும் உண்டு. ஒரு பதக்கமும், ஒரு சிலுவையும், வாழ்நாள் முழுவதும் விடாத ஒரு செபமும் அடையாளமாகுமா ஆகாதா என்று கேட்கலாம். அதற்கு அன்று ஒரு விடை கூறப்பட்டது.

சரியாக ஐம்பது ஆண்டுகள் சென்றன. 2013 அக்டோபர் 10-ஆம் நாள், அவர் பிறந்த பெல்வில் பகுதியின் பங்குக் கோவிலான புனித திருமுழுக்கு யோவான் ஆலயத்தில், எடித் பியாஃபின் நினைவாகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. படம் வெளிவந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்தமையால் இது திரையில் இல்லை. ஆனால் கதையின் உண்மையான கடைசிக் காட்சி இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் இல்லங்களுக்கு

இப்படத்தைப் பிள்ளைகளோடு காணலாமா என்று பெற்றோர் கேட்பர். கூடாது. விலைமாதர் இல்லம், குடி, ஊசி மருந்து ஆகியவை வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஓடும் இப்படம் முதிர்ந்தோர்க்கு உரியது. கல்லூரிப் பருவத்துப் பிள்ளைகளுடன் காணும் பெற்றோர், படம் முடிந்தபின் அவர்களோடு அமர்ந்து உரையாடினால் பயன் விளையும். கைதட்டும் கூட்டம் ஒரு மனிதரின் தனிமையைத் தீர்க்குமா? வலிக்கு மருந்தாக வந்தது எப்போது எஜமானாகிறது? பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தையின் வெறுமையைப் புகழ் நிரப்புமா? இவற்றைப் பேசத் தூண்டும் படம் இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தெருவிலும் பங்கிலும் இதே கேள்வி அவ்வப்போது எழுகிறது. குடியால் அழிந்தவர் ஒருவர் இறக்கிறார். கணவனைப் பிரிந்து வாழ்ந்த ஒருத்தி மறைகிறாள். கோவில் வாசலை நெடுநாள் மிதியாதவர் ஒருவரின் உடல் வாசலில் வந்து நிற்கிறது. அடக்கச் சடங்கு குறித்து முடிவுசெய்வது பங்குத்தந்தையின், ஆயரின் பொறுப்பு. ஆனால் திண்ணையில் அமர்ந்து நாம் வழங்கும் தீர்ப்புகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? பரிசேயர் சீமோனின் வீட்டில் கண்ணீரால் ஆண்டவரின் பாதங்களை நனைத்த பெண்ணை விருந்தினர் எந்தக் கண்ணால் பார்த்தனர், ஆண்டவர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்பதை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம்.

தெரேசம்மாள் பதினான்கு வயதுச் சிறுமியாய் இருந்தபோது, பிரான்சினி என்ற கொலையாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அவனை வெறுத்தது. மனந்திரும்பும் குறி எதையும் அவன் காட்டவில்லை. அச்சிறுமியோ அவனுக்காக விடாது மன்றாடினாள்; ஒரேயொரு அடையாளத்தை மட்டும் இறைவனிடம் கேட்டாள். 1887 ஆகஸ்டு இறுதியில், தலை வெட்டும் மேடையில் கடைசி நொடியிலே, அவன் குருவானவரின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டான் என்ற செய்தியைப் படித்து ஆனந்தக் கண்ணீர் வடித்தாள். அவனைத் தம் முதல் பிள்ளை என்றே அழைத்தார் அப்புனிதை. பெர்னேயிலிருந்து வந்த பெண்கள் கண்கட்டிய குழந்தையைக் கொண்டுபோய் ஒப்படைத்தது இத்தகைய தாயிடந்தான்.

பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் பியாஃப் தனியே துயிலவில்லை. தெருவில் வித்தை காட்டிய தந்தையும், இரண்டு வயதில் இறந்த மகள் மர்செலும், 1970-இல் கார் விபத்தில் மாண்ட சராப்போவும் அதே கல்லறையில் அடங்கியுள்ளனர். உயிரோடிருந்தபோது ஒருநாளும் அமையாத குடும்பம் அங்கே ஒன்றாய்க் கிடக்கிறது. சிட்டுக்குருவிகளைக் குறித்து நம் ஆண்டவர் உரைத்ததை நாம் அறிவோம். அவர் கணக்கில் தவறவிட்ட குருவி ஒன்றுமில்லை. இம்மாதம் மரித்தோர்க்காக நாம் சொல்லும் செபமாலையில், நம் உறவினரின் பெயர்களோடு, யாரும் பெயர் சொல்லி வேண்டாத ஓர் ஆன்மாவையும் சேர்த்துக்கொள்வோமாக.